பனியில் ஒரு காந்தஹார்

அலுவலக வேலையாக மூன்று வாரம் மியூனிக்கில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்து ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் கார்மிஷ்-பார்டன்கிர்ஷனுக்குப் போனேன். ஜூன் மாதம். பனிச்சறுக்குக்குப் பெயர்போன ஊரில் பொட்டுப் பனி இல்லை. மலைச்சரிவெங்கும் முழங்கால் உயரத்துக்குப் புல், அதில் கழுத்து மணி ஆட்டிக்கொண்டு மேயும் மாடுகள். சரிவின் அடியில் ஒரு பலகை. அதில் பெரிய எழுத்தில் 'காந்தஹார்' என்று இருந்தது. வேடிக்கையாக இருக்கிறதே என்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் அப்பாவிடமிருந்து அழைப்பு. "காந்தஹாருக்கா போயிருக்கிறாய்? ஆபீஸில் சொல்லிவிட்டுத்தான் போனாயா?" அவர் குரலில் இருந்த பதற்றத்துக்குக் காரணம் உண்டு. 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டுக் காந்தஹாரில் நின்ற அந்த ஒரு வாரம் முழுக்க அவர் தொலைக்காட்சி முன்னால் இருந்து எழுந்திருக்கவே இல்லை. நம்மில் பலருக்கும் அந்த ஊர்ப் பெயர் என்றால் அந்த ஓடுபாதைதான் நினைவுக்கு வரும். இன்னும் பின்னால் போனால் காந்தாரி. (காந்தாரியின் காந்தாரம் பெஷாவர் பக்கம், காந்தஹாருக்கும் அதற்கும் நெடுந்தூரம் என்று யாராவது திருத்த வருவார்கள். சரிதான். ஆனாலும் பாட்டி சொன்ன கதையில் இரண்டும் ஒன்றுதான்.)

நான் நிற்பது ஜெர்மனியில், இது ஒரு பனிச்சறுக்குப் பந்தயத் தடத்தின் பெயர் என்று அப்பாவுக்குப் புரியவைத்தேன். "பனிச்சறுக்குக்கும் காந்தஹாருக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு அறைக்குத் திரும்பிப் படிக்க ஆரம்பித்தவன் பல மாதங்களுக்கு நிறுத்தவில்லை. ஆர்ல்பெர்க்-காந்தஹார் என்ற ஆண்டுப் பந்தயத்தின் கதை அது. அதில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று தெரிந்தபோது அப்பாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிச் சொன்னேன்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். 1880 ஜூலையில் ஆப்கானிஸ்தானின் மைவாந்தில் பிரிட்டிஷ் படை படுதோல்வி அடைந்தது. எஞ்சியவர்கள் காந்தஹார் கோட்டைக்குள் முடங்கிக் கிடந்தார்கள். காபூலில் இருந்த தளபதி பிரெடரிக் ராபர்ட்ஸ், சுமார் 10,000 வீரர்களோடு ஆகஸ்ட் வெயிலில் ஏறத்தாழ 500 கிலோமீட்டரை மூன்று வாரத்தில் நடந்து கடந்து, செப்டம்பர் 1 அன்று அங்கே வென்றார். அந்த வீரர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்கள் பின்னால் சுமைகாரர்களும் சமையல்காரர்களுமாக இன்னும் பல ஆயிரம் இந்தியர்கள் நடந்தார்கள். பட்டம் பிற்பாடு ராபர்ட்ஸுக்குக் கிடைத்தது, 'காந்தஹார் பிரபு' என்று. போர் முடிந்த மறு ஆண்டே அவர் மதராஸ் படையின் தலைமைத் தளபதியாகி 1885 வரை நம் பக்கம் இருந்தார். பனிச்சறுக்குப் பலகையில் அவர் ஏறி நின்றதாக நான் எங்கும் படிக்கவில்லை.

பிறகு எப்படி அவர் பெயர் பனிக்கு வந்தது? ஹென்றி லன் என்பவரால். மெதடிஸ்ட் சபையின் மருத்துவ ஊழியராக 1880களின் பிற்பகுதியில் மதராஸுக்கு வந்தவர் இவர். உடல்நலம் இடம் கொடுக்காமல் விரைவிலேயே திரும்பிவிட்டார். திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் மிஷனரிகள் சொகுசாக வாழ்கிறார்கள் என்று எழுதிப் பெரிய சண்டையைக் கிளப்பினார். பிறகு திருச்சபைகளை ஒன்றுசேர்க்கும் மாநாடு என்று சொல்லி ஆட்களை சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டுக்கு அழைத்துப் போனார். சபைகள் ஒன்றுசேரவில்லை, ஆனால் பயண ஏற்பாட்டில் நல்ல வருமானம் இருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மேட்டுக்குடி ஆங்கிலேயர்களைக் குளிர்காலத்தில் ஆல்ப்ஸுக்கு வரவைப்பதற்காக, உயர்ந்த பள்ளிகளில் படித்தவர்கள் மட்டுமே சேரக்கூடிய ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். சங்கத்துக்கு ஒரு பெரிய பெயர் வேண்டுமல்லவா? துணைத் தலைவர்களில் ஒருவராக ராபர்ட்ஸ் பிரபு வந்து சேர்ந்தார். கோப்பை ஒன்றும் கொடுத்தார். அவ்வளவுதான் சம்பந்தம். நம் ஊரில் மட்டைப்பந்துப் போட்டிக்கு எம்.எல்.ஏ. சுழற்கோப்பை கொடுப்பது போலத்தான்.

ஹென்றி லன் மதராஸில் இருந்த அந்தக் கொஞ்ச காலத்தில், 1888 ஏப்ரல் 18 அன்று, அவருக்கு ஒரு மகன் பிறந்தான். ஆர்னால்ட் லன். சித்திரை பிறந்து சில நாட்களே ஆகியிருந்த மதராஸ். ஒரு காலத்தில் பனிக்கட்டி வேண்டுமென்றால் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவழைத்து, கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸில் பூட்டிவைத்து விற்ற ஊர். இன்றைக்கு உலகக் கோப்பையிலும் ஒலிம்பிக்கிலும் நடக்கும், கொடிகளுக்கிடையே வளைந்து வளைந்து சறுக்கி இறங்கும் நவீன ஸ்லாலம் பந்தயத்துக்கு விதி எழுதிய மனிதன் அங்கேதான் பிறந்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது. கைக்குழந்தையாகவே ஊரை விட்டுப் போய்விட்டார் என்பதால் அவரை 'நம்மவர்' என்று உரிமை கொண்டாடப் போவதில்லை. தமிழர் பெருமைப் பட்டியல் போடும் நண்பர்கள் தயவுசெய்து இதை விட்டுவிடவும்.

1909இல், ஆர்னால்டுக்கு 21 வயதானபோது, வேல்ஸ் நாட்டு மலையொன்றில் பாறை பெயர்ந்து கீழே விழுந்தார். கால் நொறுங்கியது. ஆறிய பிறகு ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. அந்தக் காலோடுதான் பிற்பாடு 1924இல் ஐகர் சிகரத்தில் பனிச்சறுக்குப் பலகைகளின் துணையோடு ஏறினார். ஆனால் 1911 ஜனவரியில், ராபர்ட்ஸ் கோப்பைக்கான முதல் பந்தயத்தை சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில் நடத்த ஏற்பாடு செய்தபோது, அவர் இறங்கிப் போட்டியிடும் நிலையில் இல்லை.

அந்தப் பந்தயத்தைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். போட்டியாளர்கள் பத்துப் பேர். மேலே போக ரோப் கார் கிடையாது. முதல் நாளே பலகைகளோடு மலையேறி, ஒரு மலைக்குடிலில் இரவைக் கழித்தார்கள். காலையில் பிளேன் மோர்ட் பனியாற்றின் மேல் வரிசையாக நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்பட்டார்கள். தடம் கிடையாது, கொடி கிடையாது, சமன்செய்த பனி கிடையாது. மொன்டானா கீழே எங்கோ இருக்கிறது, போய்ச் சேருங்கள், அவ்வளவுதான் விதி. தொடக்கத்தில் பனியாறு கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கும் என்பதால் கைத்தடியை ஊன்றித் தள்ளித் தள்ளித்தான் போயாக வேண்டும். பிறகுதான் சரிவு. விழுவார்கள், எழுவார்கள், மூக்கிலும் கழுத்துப்பட்டைக்குள்ளும் பனி. செசில் ஹாப்கின்சன் என்பவர் முதலாவதாக ஊருக்குள் வந்தார். எடுத்துக்கொண்ட நேரம் 61 நிமிடம். இன்று கார்மிஷில் காந்தஹார் தடத்தில் இறங்கும் வீரர்கள் சுமார் 900 மீட்டர் உயரத்தை இரண்டு நிமிடத்துக்குள் கரைத்துவிடுகிறார்கள்.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். அன்றைக்குப் பனிச்சறுக்கு என்றால் நார்வேக்காரர்கள் சொன்னதுதான் வேதம். அவர்களுக்குத் தாண்டுதலும் சமவெளி நெடுந்தூர ஓட்டமும்தான் போட்டிகள். சரிவில் இறங்குவதெல்லாம் ஒரு போட்டியா, அது குன்றிலிருந்து கீழே வருவதுதானே என்பது அவர்கள் எண்ணம். திருப்பங்களுக்குப் போட்டி வைத்தால்கூட, நடுவர்கள் பார்த்து அழகுக்கு மதிப்பெண் போடுவார்கள். லன்னுக்கு இதில் பொறுமை போய்விட்டது. திருப்பம் எதற்கு? குறுக்கே நிற்கும் மரத்தில் மோதாமல், வேகம் குறையாமல் கடந்து போவதற்கு. அப்படியானால் மெதுவான அழகுத் திருப்பத்தைவிட வேகமான அவலட்சணத் திருப்பமே மேல் என்பது அவர் வாதம். 1922 ஜனவரி 21 அன்று முர்ரன் என்ற சுவிஸ் மலைக்கிராமத்தின் பயிற்சிச் சரிவில் கொடிகளை இரண்டிரண்டாக நட்டுவைத்து, மரங்களுக்குப் பதில் இந்த வாயில்களுக்குள் புகுந்து வா என்றார். கையில் ஸ்டாப்வாட்ச். மதிப்பெண் போட யாரும் இல்லை. நடுவரின் ரசனைக்கு அங்கே வேலை போய்விட்டது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் நடுவரின் ரசனையால் மூன்றாம் பரிசு வாங்கியவன் நான்.

இதற்கு முன்பே, 1905இல், மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி ஆஸ்திரியாவில் கொடிகள் நட்டுப் பந்தயம் வைத்துவிட்டார், முதல் ஸ்லாலம் எங்களுடையது என்று ஆஸ்திரியர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உலகம் ஏற்றுக்கொண்ட விதிமுறை முர்ரனிலிருந்து வந்தது. 1924இல் அங்கே கூடிய ஆங்கிலேய இளைஞர்கள் தங்கள் சங்கத்துக்கு அந்தப் பழைய கோப்பையின் நினைவாகக் காந்தஹார் பனிச்சறுக்குச் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். இப்படித்தான் ஒரு படையெடுப்பின் பெயர் பட்டமாகி, கோப்பையாகி, சங்கமும் ஆனது.

பெயரின் மற்றொரு பாதி ஆஸ்திரியாவிலிருந்து வருகிறது. ஆர்ல்பெர்க் மலைக்கணவாயின் செயின்ட் ஆன்டன் கிராமத்தில் ஹான்னஸ் ஷ்னைடர் என்பவர் 1907 முதல் பனிச்சறுக்கு கற்றுக்கொடுத்து வந்தார். முழங்காலை மடக்கிக் குனிந்து இறங்கும் அவருடைய முறைக்கே ஆர்ல்பெர்க் முறை என்று பெயர். பனிமலைப் படங்களில் நடித்து ஐரோப்பா முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டவர். 1927இல் லன் அங்கே போனபோது ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கொடிகளை நட்டு ஒரு சின்ன ஸ்லாலம் வைத்துக்காட்டினார். ஷ்னைடருக்குப் பிடித்துப்போனது. அடுத்த ஆண்டு, 1928 மார்ச்சில், ஆர்ல்பெர்க் சங்கமும் காந்தஹார் சங்கமும் சேர்ந்து முதல் ஆர்ல்பெர்க்-காந்தஹார் பந்தயத்தை நடத்தின. நேராக இறங்கும் டவுன்ஹில் ஒன்று, ஸ்லாலம் ஒன்று, இரண்டின் கூட்டுக்கணக்கில் வெற்றி. வேகமும் வேண்டும், வளையவும் தெரிய வேண்டும். முதல் பந்தயத்தில் இன்ஸ்ப்ருக்கின் பென்னோ லூப்னர் வென்றார். பெண்களும் தொடக்கத்திலிருந்தே கலந்துகொண்டார்கள். 1929இல் ஆட்ரி சேல்-பார்க்கர் என்ற ஆங்கிலேயப் பெண் வென்றார்.

பெண்கள் விஷயத்தில் ஆங்கிலேயர்கள் மற்றவர்களைவிட முந்திக்கொண்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1930இல் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு ஆஸ்லோ மாநாட்டில் டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டையும் அங்கீகரித்தது. 1931இல் முர்ரனில் நடந்த முதல் உலகச் சாம்பியன் போட்டியில் 17 வயது எஸ்மே மக்கின்னன் டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டையும் வென்றார். ஆண்கள் பிரிவில் பட்டங்கள் சுவிஸ்காரர்களுக்குப் போயின. விளையாட்டைக் கண்டுபிடித்து, விதி எழுதி, பிறகு அதே விளையாட்டில் பிறரிடம் தோற்கும் ஆங்கிலேய வழக்கத்தைக் கிரிக்கெட் பார்க்கும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆர்ல்பெர்க்-காந்தஹார் அந்தக் காலத்தில் எத்தனை பெரிய பெயர் என்பதற்கு ஒரு சின்ன சாட்சி: 1930களின் தொடக்கத்தில் சுவிஸ்காரரான கைடோ ரோஷ் காலணியைப் பலகையோடு எஃகுக் கம்பிவடத்தால் பிணைக்கும் ஒரு புதிய அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்குக் 'காந்தஹார்' என்றே பெயர் வைத்தார். இசைப்பெட்டி செய்யும் குடும்பத்துக்காரர் அவர். உலகமெங்கும் பல ஆண்டுகள் அந்தப் பிணைப்புதான் ஓடியது.

இந்தப் பந்தயத்தின் வெற்றியாளர் பட்டியலை எத்தனை முறை பார்த்தாலும் என் கண் போய் நிற்பது பந்தயமே நடக்காத ஓர் ஆண்டில்தான். 1938.

அந்த மார்ச்சில் செயின்ட் ஆன்டனில் எல்லாம் தயாராக இருந்தது. வெளிநாட்டு வீரர்கள் வந்து விடுதிகளில் தங்கியிருந்தார்கள். மார்ச் 12 அன்று ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அன்றே ஷ்னைடரைப் பிடித்துக்கொண்டுபோய் லாண்டெக் சிறையில் அடைத்தார்கள். நாஜிகளைப் பிடிக்காது என்பதை அவர் ஒளித்துவைத்ததே இல்லை. தன் பள்ளியில் அந்தக் கட்சி வேலை பார்த்த பயிற்சியாளர்களை வெளியே அனுப்பியவர். ஊரிலேயே அவர் மேல் கறுவிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள்.

பந்தயத்தை நடத்திவிட்டுப் போயிருக்கலாம். புதிய ஆட்சிக்கும் அதுதான் வேண்டியிருந்திருக்கும்: ஒன்றும் நடக்கவில்லை பாருங்கள், விளையாட்டு வழக்கம்போல நடக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல படம் எது? லன் பந்தயத்தை ரத்து செய்தார். ஷ்னைடர் உள்ளே இருக்கும்வரை அந்த ஊரில் காந்தஹார் பெயரில் பந்தயம் கிடையாது என்று நின்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கார்மிஷில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் சரிவில் இறங்கும் இந்த ஆல்பைன் வகைப் பந்தயம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, பிரிட்டிஷ் அணித் தலைவராக இருந்த அவருடைய மகன் பீட்டர் லன் தொடக்க விழா அணிவகுப்பில் நடக்க மறுத்திருந்தார்.

லன்னைத் தூக்கிவைத்து எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அதே மனிதர் அதே ஆண்டுகளில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவின் பக்கம் நின்று பேசியவர், எழுதியவர். 1933இல் கத்தோலிக்கரானவர், ஸ்பெயினைத் திருச்சபையின் கண்ணால் பார்த்தார். ஒரு சர்வாதிகாரியின் முகத்தில் கதவைச் சாத்தியவர் இன்னொருவருக்குக் கதவைத் திறந்து பிடித்தார். நண்பனுக்கு அநியாயம் நடந்தபோது மட்டும் அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன். அதைக்கூடச் செய்யாதவர்கள் அன்று நிறையப் பேர்.

ஷ்னைடர் தப்பினார். கார்ல் ரோசன் என்ற ஜெர்மானிய வழக்கறிஞர் தலையிட்டு அவரைச் சிறையிலிருந்து எடுத்துக் கார்மிஷில் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் ஹார்வி கிப்சன் என்ற வங்கித் தலைவர் இருந்தார். ஜெர்மனியின் கடன் விவகாரங்களைப் பேசும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் தன் சொந்த ஊரான நார்த் கான்வேயில் ஒரு பனிச்சறுக்கு மலையை வளர்த்துக்கொண்டிருந்தார். கடனில் பேச்சுவார்த்தை நடத்தத் தெரிந்தவருக்கு ஒரு பயிற்சியாளரை வெளியே எடுக்கவும் தெரிந்திருந்தது. 1939 பிப்ரவரியில் ஷ்னைடர் மனைவி, மகன், மகளோடு நார்த் கான்வே ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். ஊர்ப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று, கையிலிருந்த பனிச்சறுக்குத் தடிகளை உயர்த்தி வளைவுபோல் பிடித்தார்கள். குடும்பம் அதன் கீழே நடந்து போனது. மகன் ஹெர்பர்ட் பிறகு அமெரிக்காவின் பத்தாவது மலைப்படைப் பிரிவில் சேர்ந்து இத்தாலியில் போரிட்டார். ஷ்னைடர் 1955இல் அங்கேயே இறந்தார்.

தப்பாதவர் ஒருவர் உண்டு. ருடால்ஃப் கோம்பெர்ஸ். வியன்னாவில் பிறந்த பொறியாளர், உடம்பு தேற்றிக்கொள்ள 1905இல் செயின்ட் ஆன்டனுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். ஷ்னைடர் சறுக்கக் கற்றுக்கொடுத்தார் என்றால், வெளியூர்க்காரர்கள் வந்துசேர ஊரைத் தயார்செய்தவர் கோம்பெர்ஸ். ஆர்ல்பெர்க் சங்கத்தின் முதுகெலும்பு. யூதப் பரம்பரையில் வந்தவர். அவருக்காகக் கடன் பேச எந்த வங்கித் தலைவரும் வரவில்லை. 1942 மே மாதம் மின்ஸ்க் அருகே மாலி ட்ரோஸ்டினெட்ஸில் கொன்றார்கள். அவரால் வளம் கண்ட ஊர் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் வைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

போருக்குப் பிறகு பந்தயம் மறுபடியும் வந்தது, செயின்ட் ஆன்டனுக்கும் வந்தது. பிரான்ஸின் ஷமோனி, இத்தாலியின் செஸ்ட்ரியர், ஜெர்மனியின் கார்மிஷ் என்று முறைவைத்துச் சுற்றியது. செயின்ட் ஆன்டனில் பிறந்த கார்ல் ஷ்ரான்ஸ் இதைப் பலமுறை வென்றார். 1967இல் உலகக் கோப்பைத் தொடர் ஆரம்பித்ததும் காந்தஹார் அதன் பல நிறுத்தங்களில் ஒன்றாகிவிட்டது. டவுன்ஹில்லும் ஸ்லாலமும் தனித்தனி நிபுணர்களின் கைக்குப் போய்விட்டதால் இரண்டையும் கூட்டிக் கணக்கிடும் பழைய முறைக்கு மவுசு குறைந்தது. வாகனமே நுழையாத முர்ரன் பெரிய பந்தயங்களைத் தாங்க முடியாத சின்ன ஊராகவே நின்றுவிட்டது. லன்னுக்கு 1952இல் சர் பட்டம் கிடைத்தது, 1974இல் இறந்தார். மகன் பீட்டர் உளவுத்துறையில் பெரிய வேலைகள் பார்த்து ஓய்வுபெற்று, முர்ரனில் 1928 முதல் நடக்கும் இன்ஃபெர்னோ என்ற நெடுந்தூரப் பந்தயத்தில் தொண்ணூறு வயதிலும் கலந்துகொண்டார். அந்தப் பந்தயத்தையும் ஆரம்பித்தவர்கள் காந்தஹார் சங்கத்தார்தான்.

கார்மிஷின் அந்தப் புல்வெளிக்குத் திரும்புகிறேன். ஆண்கள் தடத்தில் 'தடையற்ற வீழ்ச்சி' என்று பெயர் வைத்த ஒரு பகுதி இருக்கிறது. சரிவு 92 சதவீதம். கிடைமட்டமாக நூறு மீட்டர் நகர்ந்தால் தொண்ணூற்றிரண்டு மீட்டர் கீழே போயிருப்போம். தொலைக்காட்சியில் அது சாதாரணச் சரிவாகத்தான் தெரியும், கேமரா எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். அன்று நான் சரிவில் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்தேன். காலை மழையில் புல் நனைந்திருந்தது. செங்குத்தான இடத்துக்கு அருகில்கூடப் போகவில்லை, மிதமான சரிவிலேயே அலுவலகக் காலணி வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் ஐந்தாறு மீட்டர் இறங்கிவிட்டேன். கையில் சிக்கிய புல்லெல்லாம் வேரோடு வந்தது. இதே காந்தஹார் மலைச்சரிவில், பெண்கள் பந்தயத்தில்தான் இரண்டு முறை உலகச் சாம்பியனான உல்ரிகே மையர், 26 வயதில், சின்ன மகளுக்குத் தாயாக இருந்தபோது, 1994 ஜனவரி 29 அன்று விழுந்து இறந்தார். பனி மூடிய நாளில் இங்கே மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒருவர் வருவதை நினைத்து அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கால்சட்டையின் பின்புறம் பச்சையாகிவிட்டது.

லன் மதராஸில் பிறந்தவர் என்று நான் நடு இரவில் எழுப்பிச் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"சித்திரையிலா பிறந்தான்?" என்றார்.

"ஆமாம் அப்பா, ஏப்ரல் 18."

"அந்த வெயிலில் பிறந்த பிள்ளை வேறு எங்கே போகும்?" என்று சொல்லிவிட்டு, மின்விசிறியை இன்னும் கொஞ்சம் வேகமாக வைக்கும்படி அம்மாவிடம் சொல்வது கேட்டது.